சீல் பிரியாத பெட்டி

அத்தியாயம் பதினொன்று

தலை தீபாவளிக்கு மோதிரம் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அழகுமலை வீட்டுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அந்தச் செய்தியைக் கேட்டுப் பாண்டியம்மாள் பூரித்துப்போய்ச் சாமி படத்துக்குச் சூடம் காட்டியதோடு போன வாரம் விட்டிருந்தோம். சூடம் அணைவதற்குள் மிச்சச் செய்தியும் வந்து சேர்ந்தது.

மோதிரத்துக்குப் பதிலாக ஒரு போன் வேண்டும். சும்மா போன் இல்லை. போன மாதம்தான் கடைக்கு வந்த, பட்டனே இல்லாமல் விரலால் தடவுகிற போன். கம்பெனி பெயரைச் சொன்னால் எனக்கு ஒன்று இனாமாகவா தரப்போகிறார்கள்? அதனால் பெயர் வேண்டாம். மோதிரத்தைவிட விலை அதிகம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சிவகங்கைப் பக்கமிருந்து திருப்பூர் வந்து இருபது வருடமாகப் பனியன் கம்பெனி அயர்ன் டேபிளில் நிற்கிறவர் அழகுமலை. இளைய மகள் சித்ராதேவி ஆவணியில் ஜெயபாண்டியைக் கட்டிக்கொண்டு அவிநாசிக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை ஒரு பையோடு தனியாக வந்து இறங்கினாள். "வியாழக்கெழம சாயங்காலம் அவர் வருவார். போனை வாங்கிக்கிட்டு என்னையும் கூட்டிட்டுப் போவார். அப்புறம் தீபாவளிக்கு ரெண்டு பேரும் முறையா வருவோம்" என்றாள். போன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பயந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூத்தவள் நதியா. முப்பது வயது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பைனல் செக்கிங் சூப்பர்வைசர். தனக்கு முன்னால் தங்கைக்குத் தாலி ஏறியபோது பந்தியில் சிரித்தபடி பரிமாறியவள். அப்பாவின் போனஸ் கல்யாணச் செலவோடு கரைந்துவிட்டதால், மாப்பிள்ளையின் போனுக்கு மிஞ்சியிருந்தது அவளுடைய போனஸ்தான்.

இப்போது வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

"நஜீமுதீன் பாய் கடையில கேட்டுப் பாரேன்த்தா. துபாய்லருந்து வர்ற பெட்டியாம். அஞ்சாயிரம் கொறையுமாம்" என்றாள் பாண்டியம்மாள்.

"பில்லு இல்லாத சாமானையா மாப்பிள்ளை கையில குடுக்கச் சொல்ற?" அழகுமலை காபி டம்ளரை ஓசையோடு வைத்தார். "கோயமுத்தூர்ல பெரிய கடை இருக்கு. கடைப் பேரு போட்ட பையோட குடுத்தாத்தேன் மருவாதி."

"பைக்காப்பா, போனுக்கா, எதுக்குக் காசு குடுக்கப் போறோம்?" என்று கேட்டாள் நதியா.

"ரெண்டுக்குந்தேன்."

போன் கம்பெனிக்காரர்களிடம் மாதத் தவணை உண்டா என்று நதியா ஏற்கெனவே விசாரித்திருந்தாள். அதற்குக் கிரெடிட் கார்டு வேண்டுமாம். அந்த வீட்டில் இருந்த கார்டு ரேஷன் கார்டு ஒன்றுதான்.

அடுப்படியில் இருந்த சித்ரா திரும்பாமலே சொன்னாள்: "எங்க வேணா வாங்குங்க. சீல் மட்டும் பிரிக்காமக் கொண்டாரச் சொன்னார்."

"பிரிக்காம எப்படிடி பாத்து வாங்குறது?"

"அவரே பிரிச்சுக்குவாராம்."

ஆபீஸில் நாலு பேருக்கு முன்னால் பிரித்துப் பெருமை அடித்துக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று நதியா நினைத்தாள். ஆண்களின் சின்னத்தனங்களை மன்னிக்க அவளுக்குப் பழக்கம் உண்டு. கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்தானே.

ஒன்பது மணிக்கு அவள் பாய் கடையில் நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே போன் இருந்தது. விலை நிஜமாகவே குறைவுதான்.

"யாருக்குங்க போனு? உங்களுக்குங்களா?" என்று கேட்டபடி சீல் பிரியாத பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார் நஜீமுதீன்.

நதியா தன் பழைய போனைச் சட்டென்று கைக்குள் மறைத்தாள். அதன் பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். ஐந்தாம் நம்பரை அழுத்தினால் இரண்டு தடவை விழும்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்குங்க பாய். தலை தீபாவளிக்கு."

"அப்ப எங்கிட்ட வாங்காதீங்க." நஜீமுதீன் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "உங்களுக்குன்னா தருவேன். ரிப்பேருன்னா நேரா வந்து என்னையத் திட்டுவீங்க, நானும் பாத்துக் குடுத்துருவேன். மாப்பிள்ளைக்குக் குடுத்த போன் ரிப்பேராச்சுன்னா அது போன் ரிப்பேர் இல்லீங்க, குடும்ப ரிப்பேர். நமக்கு எதுக்குங்க அந்தப் பாவம்? கோயமுத்தூர்லயே பில்லோட வாங்கிருங்க."

வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன மனிதரை அவள் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தாள். அவர் மேலும் ஒரு யோசனை சொன்னார். "எங்க வாங்கினாலும் பிரிச்சு, ஆன் பண்ணி, உள்ள இருக்கிற நம்பரும் பெட்டி மேல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்குங்க. இப்பெல்லாம் பெட்டி ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு மாத்தி உடறாங்க."

எந்த நம்பரை அழுத்தினால் அது தெரியும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. கம்பெனிகள் போனஸ் போட்டுச் சாத்திவிட்டதால் ஊரே மதுரைக்கும் தேனிக்கும் கிளம்பிக்கொண்டிருந்தது. தலைமேல் பட்டாசுப் பெட்டி, இடுப்பில் பிள்ளை, கையில் புதுத்துணிப் பை. நதியா மட்டும் எதிர்த்திசையில் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். அவிநாசியைத் தாண்டும்போது, இந்த ஊரில்தானே தங்கை மகாராணி மாதிரி வாழப்போகிறாள் என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். அந்தக் கும்பிடு மனசாரப் போட்டது.

கோயமுத்தூர்க் கடையில் குளிர்காற்று அடித்தது. சட்டையை உள்ளே விட்ட பையன் ஒருவன், பார்வைக்கு வைத்திருந்த போனை அவள் கையில் கொடுத்தான். விரலை வைத்ததும் படம் நகர்ந்தது. இந்தப் போன் தனக்கு வேண்டும் என்று ஆசை வந்ததை அவள் மறைக்கவில்லை. மறைக்க அங்கே யாரும் இல்லை. ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களோட பெட்டியைப் பிரிச்சுக் காட்டட்டுங்களா மேடம்?"

"வேண்டாம்."

"பின்னால நீங்க பிரிச்சீங்கன்னா நாங்க திரும்ப எடுக்க மாட்டோமுங்க. ரிப்பேருன்னா சர்வீஸ் சென்டர்தான்."

"சரிங்க."

"பில் யார் பேருக்குங்க?"

ஜெயபாண்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவள் பெயர் இதுவரை ஏறியிருந்தது கம்பெனி வருகைப் பதிவிலும் ரேஷன் கார்டிலும்தான். வீட்டு மிக்சி, கட்டில், பீரோ எல்லாம் அவள் சம்பளத்தில் வந்தவை. பில் எல்லாம் அழகுமலை பெயரில்.

"நதியா. அ. நதியா" என்றாள்.

அந்தப் பில்லை அவள் பையில் போடவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா முறுக்கு மாவு அரைக்கப் போயிருந்தார். அம்மாவும் சித்ராவும் பக்கத்து வீட்டில் அதிரசப் பாகு பார்க்கப் போயிருந்தார்கள். கடைப் பெயர் போட்ட பை கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தது. நதியா அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நதியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏற்கெனவே சீல் போட்ட பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் "ஓகே" என்று கையெழுத்துப் போட்டாள். உள்ளே இருந்தது வேறு அளவு பனியன். வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டான். முதலாளி கத்தியது அவளைப் பார்த்துத்தான். அன்றிலிருந்து சீல் என்ற சொல்லின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. அரிசி மூட்டையைக்கூடக் கையை விட்டு அடிவரை பார்த்துத்தான் வாங்குவாள்.

பாய் சொன்னதும் ஞாபகம் வந்தது. பெட்டி ஒன்று, சரக்கு ஒன்று. பிரிக்காமல் கொடுத்து, மாப்பிள்ளை ஆபீஸில் பத்துப் பேருக்கு முன்னால் பிரித்து, அது ஆன் ஆகாமல் போனால்? "மாமனார் வீட்டு லட்சணம்" என்ற ஒற்றைச் சொல்லைச் சித்ரா ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

தங்கைக்காகத்தான் பிரித்தாள். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து, ஒட்டியிருந்த சீலை நடுவில் ஒரே வெட்டு. போனை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, கம்பெனியில் பீஸைத் திருப்புகிற அதே ஒழுங்கில் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. ஆன் செய்தாள். உள்நம்பரும் வெளிநம்பரும் ஒன்றாக இருந்தன. எடுத்தபடியே எல்லாவற்றையும் அடுக்கி மூடினாள். பாஸ் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆறு மணிக்கு ஜெயபாண்டி வந்தார். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. காபி குடிச்சிட்டு..." என்று அழகுமலை துண்டை உதறினார்.

"நேரமில்ல மாமா. போன் வாங்கியாச்சா?"

பையைக் கொடுத்த கணத்தில் அழகுமலையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருட அயர்ன் சூடும் தணிந்துபோன முகம். ஜெயபாண்டி பெட்டியை வெளியே எடுத்தார். பேரைப் படிக்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சீல் இருந்த மூலையைத்தான் பார்த்தார்.

"யாரு பிரிச்சது?"

"நாந்தான். ஆன் பண்ணி செக் பண்ணிட்டேன். ஒரு குறையும் இல்ல" என்றாள் நதியா.

"உங்களை யாரு செக் பண்ணச் சொன்னது மதினி? பிரிக்காமக் கொண்டாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிவிட்டேனே!" அவர் குரல் தெருவரை போனது. "இது இப்ப செகண்ட்ஸ். பாக்குறவங்க செகண்ட்ஸ்னுதான் சொல்லுவாங்க."

திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை, கறை, ஒதுக்கின பீஸ், ரோட்டோரத்தில் கூறு கட்டிப் போடுகிற சரக்கு. பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல்லை மற்றப் பொருள்களுக்குச் சொல்லிச் சம்பாதித்தவள் நதியா. தன் கையால் வாங்கியதற்கு அது கிடைத்தது இதுதான் முதல் தடவை.

"யாரு பாக்கப் போறாங்க? உங்களுக்குத்தானே போன்? நீங்க பிரிக்கிறதுக்குப் பதிலா நான் பிரிச்சேன். என்ன குறைஞ்சு போச்சு?"

"இதை எப்படி நான் அங்க குடுக்கிறது?"

சொல்லிவிட்ட பிறகுதான் தன் வாய் தவறியது அவருக்கே தெரிந்தது.

"எங்க?" என்று கேட்டாள் நதியா.

பாண்டியம்மாள் சித்ராவைப் பார்த்தாள். சித்ரா தரையைப் பார்த்தாள். அழகுமலைதான் கடைசியில், நம்ப முடியாமல், மெதுவாகக் கேட்டார்: "உங்க தங்கச்சி மாப்பிள்ளைக்கா?"

ஜெயபாண்டியின் தங்கைக்கும் ஆவணியில்தான் கல்யாணம். அவளுக்கும் இது தலை தீபாவளி. அந்த வீட்டு மாப்பிள்ளையும் மோதிரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே போன், ஒரே பெட்டி. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கக் கிளம்பியவர், தேங்காயில் கீறல் விழுந்துவிட்டதே என்று தேங்காய்க்காரனிடம் சண்டைக்கு நின்றார்.

"நான் என்ன செய்யட்டும்?" அவர் குரல் இப்போது இறங்கியிருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் அவர் வர்றார். பெட்டி இருந்தாத்தான் பொண்ணைக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டார். எங்க அப்பாருக்கு என்ன இருக்கு? நான் யார்கிட்ட கேப்பேன்?"

அவரும் பயந்திருந்தார். அந்த ஒரு நொடி நதியாவுக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது. அடுத்த வாக்கியத்தில் அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சீல் பிரியாத பெட்டி வரணும் மாமா. அதுவரைக்கும் சித்ரா இங்கயே இருக்கட்டும்."

பெட்டியை நிலைப்படியிலேயே வைத்துவிட்டுப் பைக்கில் கிளம்பிப் போனார். சித்ரா துணி மடித்து வைத்திருந்த பை சுவரோரம் அப்படியே இருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று நதியா தங்கையைக் கேட்டாள்.

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கித் தந்திருப்பியா?" சித்ரா இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது. "அவர் தங்கச்சிக்குப் போகுதுன்னா நீ காசை எடுத்திருக்க மாட்ட. எனக்குன்னு சொன்னதால எடுத்த. உனக்கென்னக்கா, நீ வேலைக்குப் போயிருவ. நான் பொங்கல் வரைக்கும் இந்த வீட்டுல உக்காந்திருந்தா தெருவுல என்ன பேசுவாங்க? பிரிக்காதன்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"அப்புறம் ஏன் பிரிச்ச?"

உனக்காகத்தான் என்று சொல்ல நதியாவுக்கு வாய் வரவில்லை. கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே.

பாண்டியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். அந்தக் குடும்பத்தில் வழி கண்டுபிடிப்பதும் அதற்கு நதியாவை அனுப்புவதும் அவள் வேலை. "பாய் கடையில சீல் பிரியாத பெட்டி இருக்குன்னியே. இதை அவர்கிட்டக் குடுத்துட்டு அதை வாங்கியாந்துருவோம்த்தா. வெல கொறைவுதானே? சரியாப் போயிரும்."

"அது ரிப்பேரானா?"

"ஆகட்டுமே! அது நம்ம மாப்பிள்ளை வீட்டையும் தாண்டி எங்கயோ போகப் போவுது. நமக்கென்ன?"

அழகுமலை வாசலைப் பார்த்தபடி, "போயிட்டு வந்துரு நதியா" என்றார். காலையில் பில்லும் மரியாதையும் பேசிய மனிதர் அவர்தான்.

இரண்டு பேரும் கிளம்பத் தயாரானார்கள், அம்மாவும் தங்கையும். நதியா அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரு குறையும் இல்லாத பீஸ். அதைச் செகண்ட்ஸ் என்று சொன்னவனுக்காக, பில் இல்லாத பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஜாக்கெட்டுக்குள் அந்தப் பில் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது; அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

சார்ஜ் தீர்ந்து மத்தியானமே அணைந்துபோன பழைய போனின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். சிம்மை எடுத்துப் புதுப் போனில் போட்டாள். இரண்டு நிமிடமாவது அது தன் போனாக இருக்கட்டும் என்றுதான் போட்டாள்.

ஆன் ஆன அடுத்த நிமிடமே அது அடித்தது. பெயர் வரவில்லை, வெறும் நம்பர். விரலால் எப்படி எடுப்பது என்று தெரியாமல் இரண்டு முறை தடவி, மூன்றாவது முறை எடுத்தாள்.

"நதியா அக்காவா? ரொம்ப நேரமா ட்ரை பண்றேங்க்கா." ஒரு பெண் குரல், மூச்சடக்கிப் பேசியது. "கல்யாணத்துல நம்பர் குடுத்தீங்களே. நான் ஜெயபாண்டி அண்ணனோட தங்கச்சி. பாத்ரூமுக்குள்ள நின்னு பேசுறேன். அக்கா, அந்தப் போனை மட்டும் எங்க அண்ணன்கிட்டக் குடுத்துராதீங்க."

"ஏம்மா?"

"பெட்டி வந்துட்டா நாளைக்கே என்னை அவரோட அனுப்பிருவாங்க. அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு எங்க அம்மாகிட்டயே என்னால சொல்ல முடியல. இங்க அம்மா வீட்டுக்கு வந்து நாலு நாளா, பெட்டி வரக் கூடாதுன்னுதான் சாமி கும்பிடுறேன். வரலேன்னாத்தான் நான் இங்க இருக்க முடியும்க்கா."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. யாரோ கதவைத் தட்டும் சத்தமும் கேட்டது.

நிலைப்படியில் சித்ரா வந்து நின்றாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். சுவரோரம் இருந்த பையையும் எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள், பெட்டி கிடைத்த கையோடு கிளம்பிவிடலாம் என்று.

"குடுக்கா. கூட்டம் ஆகுறதுக்குள்ள பாய் கடைக்குப் போயிரலாம்."

காதில் ஒரு தங்கை அழுதுகொண்டிருந்தாள். எதிரில் இன்னொரு தங்கை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பில்லில் இருந்த பெயர் மட்டும் நதியா.